ஒரு தீவு எப்போது மீள்கிறது? கிரெனடா, கேரியகூ – சில குறிப்புகள்

கரீபியன் தீவு ஒன்றைப் புயல் அடித்துப் போட்டால், ஆறேழு மாசத்தில் சுற்றுலாத் துறையிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்துவிடும். தீவு மீண்டுவிட்டது, தாராளமாக வரலாம். விமான நிலையம் இயங்குகிறது, ஓட்டல் அறைகள் தயார், டைவிங் படகுகள் கடலுக்குப் போகின்றன. பெரும்பாலும் இதில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் 'மீண்டுவிட்டது' என்று எதை அளந்து சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

2025 பிப்ரவரியில் கிரெனடாவுக்கு ஒரு வாரம் ஸ்கூபா டைவிங் போனேன். பெரில் புயல் அடித்து ஏழு மாசம் ஆகியிருந்தது. கிளம்புவதற்கு முன் கடலடியில் என்னென்ன பார்க்கலாம் என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அது அந்தத் தீவின் எழுபது வருஷப் புயல் வரலாறாக நீண்டுகொண்டே போனது. 1955-ல் ஜேனட், 2004-ல் ஐவன், 2024-ல் பெரில். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாகப் புரிந்தது: புயலுக்கு ஒரு தேதிதான், மீட்சிக்குப் பல தேதிகள். என்னைப் போல் வந்து போகிறவர்கள் கண்ணில் படுவது அவற்றில் மிக வேகமானது மட்டும்.

புயல் வராத ஊர்

கிரெனடா கிழக்குக் கரீபியனின் தெற்குக் கோடியில், வட அட்சம் 12 பாகையில் இருக்கிறது. கிரெனடா, கேரியகூ, பெட்டி மார்ட்டினிக் என்று மூன்று தீவுகள் சேர்ந்த நாடு. அட்லாண்டிக் புயல்களில் பெரும்பாலானவை இதற்கு வடக்கேதான் கடந்து போகும். அதனால் 'இங்கே புயல் வராது' என்பது ரொம்ப காலமாக அங்கே இருந்த நம்பிக்கை. வெறும் ஊர்ப்பேச்சு இல்லை அது, பணம் போட்டவர்களும் நம்பினார்கள். படகுக் காப்பீட்டு நிறுவனங்கள் 12 பாகை சொச்சத்தில் ஒரு கோடு போட்டு, புயல் பருவத்தில் அதற்குத் தெற்கே நிற்கும் படகுகளுக்குத்தான் முழுப் பாதுகாப்பு என்று நிபந்தனை வைப்பது வழக்கம். அதனாலேயே ஏராளமான பாய்மரப் படகுகள் ஜூன் முதல் நவம்பர் வரை கிரெனடாவில் வந்து தங்கும்.

1955 செப்டம்பர் 22 இரவு ஜேனட் அடித்தபோது கிரெனடாவில் 147 பேர் இறந்தார்கள். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸின் துறைமுக மேடை கடலுக்குள் போனது. ஜாதிக்காய் மரங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி சாய்ந்தன. வெளிநாட்டு உதவியாக வந்த சின்னச் சின்ன மர வீடுகளை அங்கே இன்றும் 'ஜேனட் வீடு' என்றுதான் சொல்கிறார்கள்.

ஜேனட்டுக்குப் பிறகு 49 வருஷம் அந்த அளவுக்கு ஒரு புயலும் வரவில்லை. ஜேனட்டை நினைவில் வைத்திருந்த தலைமுறை வயதாகிப் போனது, 'இங்கே புயல் வராது' திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

இடையில் ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. 1999 நவம்பரில் லென்னி என்ற புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தது. அது கிரெனடாவுக்குப் பல நூறு கிலோமீட்டர் வடக்கே போனது, தீவைத் தொடவே இல்லை. ஆனால் அது கிளப்பிய அலைகள் மேற்குக் கரைச் சாலைகளையும் கட்டடங்களையும் உடைத்தன. மேற்குக் கரை எப்போதும் அமைதியான பக்கம். வீடும் துறைமுகமும் ஓட்டலும் அங்கேதான். டைவிங் இடங்களில் முக்காலும் அங்கேதான்.

ஜாதிக்காய்க் கணக்கு

கிரெனடாவின் கொடியில் ஒரு ஜாதிக்காய் இருக்கிறது. 1974-ல் சுதந்திரம் வாங்கியபோது வரைந்தது. ஜாதிக்காயின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் கிரெனடாவுக்கு வந்த மரம், கரும்பு நொடித்துப்போன மலைச்சரிவுகளில் நன்றாக ஊன்றிக்கொண்டது. ஐவனுக்கு முன்பு உலகச் சந்தைக்கு வந்த ஜாதிக்காயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சின்னத் தீவிலிருந்து. இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம்.

இந்த மரத்துக்கு ஒரு குணம் உண்டு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்ப்பது பெண் மரம்தான். விதை போட்டு வளர்த்தால், முதல் பூ வரும்வரை எது ஆண் எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பூக்க ஆறு முதல் எட்டு வருஷம் ஆகும். அதற்குப் பிறகு பாதி மரம் ஆண் என்று தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. முழு விளைச்சல் வருவதற்கு 15 முதல் 20 வருஷம். ஒட்டுக்கன்று வைத்தால் ஆண்-பெண் குழப்பம் தீரும். ஆனால் முழு விளைச்சலுக்குக் காத்திருப்பது அப்போதும் வருஷக் கணக்கில்தான்.

ஜேனட்டுக்குப் பிறகு விவசாயிகள் என்ன செய்தார்கள்? வாழை போட்டார்கள். ஒன்பது, பத்து மாசத்தில் தார் வெட்டலாம். வாழை வருமானத்தில் வயிற்றைக் கழுவிக்கொண்டு, பக்கத்திலேயே ஜாதிக்கன்று நட்டு, அது மரமாகும் வரை காத்திருந்தார்கள். பொறுமையும் ஆளும் நிலமும் இருந்த காலம், அதனால் முடிந்தது.

2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் வந்தது. 39 பேர் இறந்தார்கள். பத்தில் ஒன்பது வீடுகள் சேதம். பிரதமர் கீத் மிட்செலின் அரசு இல்லமே போய்விட்டது, அவர் ரிச்மண்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் இருந்து நிவாரண வேலைகளைக் கவனித்தார். நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டம் மொத்த ஆண்டு உற்பத்தி மதிப்பின் இரண்டு மடங்கு. காப்பீட்டுக் கோட்டுக்குத் தெற்கே பத்திரமாக நின்றிருந்த பாய்மரப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடந்தன. ஜாதிக்காய்த் தோப்புகள் தரையோடு தரை. அடுத்த வருஷம் ஜூலையில் எமிலி வந்து மிச்சத்தையும் கலைத்தது.

இந்த முறை ஜாதிக்காய் திரும்பி வரவில்லை. அதாவது, பழைய அளவுக்கு வரவில்லை. விழுந்த பெரிய மரங்களை அப்புறப்படுத்தவே பல இடங்களில் வழி இல்லை. ஜாதிக்கன்று நடுகிற அறுபது வயசு விவசாயி, முழு மகசூலைப் பார்க்க எண்பதை நெருங்க வேண்டும். பலர் நடவே இல்லை.

இதே காலத்தில் வேறொரு மீட்சியும் நடந்தது. ஐவனில் நொறுங்கிய செயின்ட் ஜார்ஜஸ் கிரிக்கெட் மைதானம். 2007 உலகக் கோப்பை கரீபியனில் நடக்க இருந்தது, மைதானம் வேண்டும். 2005 ஜனவரியில் கிரெனடா தைவானை விட்டுவிட்டுச் சீனாவோடு தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்டது. சீனப் பணத்திலும் சீனத் தொழிலாளர்களாலும் மைதானம் எழும்பியது. 2007 பிப்ரவரித் திறப்பு விழாவில் போலீஸ் வாத்தியக்குழு சீன தேசிய கீதத்துக்குப் பதில் தைவான் கீதத்தை வாசித்துவிட்டது, பெரிய ராஜதந்திரச் சங்கடம். அதை விடுங்கள். நான் கவனித்தது தேதியை. இரண்டரை வருஷத்தில் மைதானம் தயார். அந்த நேரத்தில், ஐவனுக்குப் பின் நட்ட ஜாதிக்கன்று பூக்கக்கூட ஆரம்பித்திருக்காது. மைதானத்துக்குக் கெடு இருந்தது, பணம் போட ஆளும் இருந்தது. கன்றுக்கு இரண்டும் கிடையாது.

கடலுக்கு அடியில்

டைவிங் போகிறவர்கள் கிரெனடாவில் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு. இரண்டுமே ஆபத்தில் பிறந்தவை.

முதலாவது பியாங்கா சி. இத்தாலியின் கோஸ்டா நிறுவனப் பயணிகள் கப்பல், சுமார் 180 மீட்டர் நீளம். இரண்டாம் உலகப்போரின்போது பிரான்சில் கட்ட ஆரம்பித்து, 1944-ல் ஜெர்மானியர்கள் அதை மூழ்கடித்து, போருக்குப் பின் மேலே எடுத்து முடித்த கப்பல். லா மார்செயேஸ், அரோசா ஸ்கை என்றெல்லாம் பெயர் மாறி பியாங்கா சி ஆனது. 1961 அக்டோபர் 22 அதிகாலை, செயின்ட் ஜார்ஜஸ் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றபோது எஞ்சின் அறையில் வெடித்துத் தீப்பிடித்தது. கப்பலில் ஏறக்குறைய 700 பேர். மீன்பிடிப் படகு, சரக்குப் பாய்மரம், துடுப்புப் படகு என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரே கிளம்பியது. உயிரிழப்பு ஒருசிலரோடு நின்றது. கரைக்கு வந்தவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் இடமும் துணியும் சாப்பாடும் கொடுத்தார்கள். எரிகிற கப்பல் துறைமுக வாயை அடைத்துவிடக் கூடாது என்று, லண்டன்டெரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதை இழுத்துப் போனது. 24-ம் தேதி கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைக்கு வெளியே மூழ்கியது. கோஸ்டா நிறுவனம் நன்றியாக அனுப்பிய கிறிஸ்து சிலை இன்றும் துறைமுகக் கரையில் கைகளை உயர்த்தி நிற்கிறது.

இந்தக் கதை எல்லா டைவிங் கையேட்டிலும் வரும். ஆனால் வருஷத்தைப் பாருங்கள்: 1961. ஜேனட் அடித்து ஆறே வருஷம். தோப்புகள் இன்னும் கன்றாகவே இருந்த காலம். அந்த நிலையில் இருந்த ஊர்தான் 700 பேரைக் கரை சேர்த்து வீட்டில் வைத்துக்கொண்டது. 'மீளாத' தீவு என்றால் உதவி வாங்குகிற தீவு என்று நமக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. 1961 அதைப் பொய்யாக்குகிறது.

கப்பல் கிடக்கும் தரை சுமார் 50 மீட்டர் ஆழம். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர், அதனால் மேல்தளப் பகுதிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். சாதாரணக் காற்றில் 30 மீட்டரில் 20 நிமிஷம், 40 மீட்டரில் 9 நிமிஷம், அட்டவணைப்படி அவ்வளவுதான் அனுமதி. அறுபது வருஷ உப்புநீரில் இரும்பு இற்று, தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிவிட்டன. இந்தக் கப்பலுக்கு மீட்சி என்று ஒன்று கிடையாது, சிதைவு மட்டும்தான். ஆனால் ஆண்டுதோறும் டைவர்களை இழுத்து வருவது அந்தச் சிதைவுதான்.

இரண்டாவது, மோலினேர் விரிகுடாவின் கடலடிச் சிற்பப் பூங்கா. ஐவன் அந்த விரிகுடாவின் பவளப்பாறைகளை நன்றாகச் சேதப்படுத்தியிருந்தது. 2006-ல் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் என்ற சிற்பி அங்கே சிமென்ட் சிற்பங்களை இறக்கினார். காரணம் எளிது: டைவர் கூட்டம் சிற்பங்களுக்குப் போனால், பக்கத்தில் பிழைத்திருக்கும் நிஜப் பாறைகளுக்கு மிதி குறையும். சிமென்ட்டின் மேல் பவளமும் கடற்பஞ்சும் ஒட்டி வளரவும் இடம் கிடைக்கும். 2023-ல் கிரெனடாவின் கார்னிவல் வேஷங்களை வைத்துப் புதிய சிற்பங்களும் சேர்ந்தன.

அதிகம் படம் எடுக்கப்படுவது 'விசிசிட்யூட்ஸ்'. வாழ்க்கையின் ஏற்ற இறக்கங்கள் என்று பொருள். 26 குழந்தைகள் கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள். ஆழம் ஐந்து மீட்டர்தான், மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மேலிருந்தே பார்க்கலாம். அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட ஆப்பிரிக்கர்களின் நினைவுச்சின்னம் இது என்று பலரும் நம்புகிறார்கள். தான் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று டெய்லர் சொல்லியிருக்கிறார். உள்ளூர்க் குழந்தைகளை வைத்து வார்த்தது, சூழல் ஒரு குழந்தையை எப்படி மாற்றுகிறது என்பது அவர் கருத்து. ஆனாலும் அந்த இன்னொரு வாசிப்பு போகவில்லை. அந்தக் கடலின் வரலாறு அப்படி.

பாறை எப்படி மீள்கிறது

கடலடிக்கு வருவோம். புயல் அலையின் வேகம் ஆழத்தோடு வேகமாகக் குறையும். பத்து நொடிக்கு ஒன்றாக வரும் அலையின் நீளம், ஆழ்கடலில் சுமார் 156 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், மேற்பரப்பில் இருக்கும் நீரசைவில் ஐந்து மீட்டர் ஆழத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும், 30 மீட்டரில் 30 சதவீதம்தான். இது வெறும் தோராயம், கரையோரத்தில் கணக்கு மாறும். ஆனால் அடிப்படை இதுதான். புயலில் நொறுங்குவது முதலில் ஆழம் குறைந்த இடத்துக் கிளைப் பவளங்கள். 30 மீட்டரில் நீந்துகிற டைவர் 'ஒண்ணும் ஆகலையே' என்று நினைத்தால், அவர் பார்த்த ஆழத்துக்கு அது சரிதான்.

மான்கொம்புப் பவளம் வருஷத்துக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வளரும். உடைந்த துண்டுகூடச் சரியான இடத்தில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு பிழைக்கும். மூளைப் பவளம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர். ஒரு மேஜை அளவு மூளைப் பவளம் புரண்டுவிட்டால் அந்த இடம் நம் ஆயுளில் திரும்பாது.

ஆனால் பாறையைக் கொல்வது பெரும்பாலும் புயல் மட்டும் இல்லை, புயலுக்குப் பின்னால் வருவது. இதற்கு நன்றாக ஆவணமான உதாரணம் ஜமைக்கா. 1980-ல் ஆலன் புயல் அதன் வடக்குக் கரைப் பாறைகளை நொறுக்கியது. புதுப் பவளக் குஞ்சுகள் ஒட்டத் தொடங்கி, பாறை மீளும் போல இருந்தது. 1983-ல் நீளமுள் கடல் முள்ளெலிகள் நோயில் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பாசியைத் தின்று பாறையைச் சுத்தமாக வைத்திருந்த மீன்கள் அதற்கு முன்பே பிடித்துத் தீர்ந்திருந்தன. முள்ளெலியும் போனதும் பாசி எல்லாவற்றையும் மூடியது. டெரன்ஸ் ஹ்யூஸ் 1994-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, 1977-ல் 52 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 1993-ல் வெறும் 3 சதவீதம். புயல் தள்ளிவிட்டது, எழ விடாமல் செய்தது மற்றவை. 2022-ல் அதே முள்ளெலிச் சாவு கரீபியனில் மறுபடி வந்தது. 2023-ல் கடல் கொதித்து, பவளங்கள் வெளுத்தன. அடுத்த வருஷம் பெரில்.

கேரியகூ

பெரில் 2024 ஜூலை 1 அன்று கேரியகூவில் கரையேறியது, நான்காம் வகைப் புயலாக. மறுநாள் ஐந்தாம் வகை ஆகி, அட்லாண்டிக்கில் வருஷத்தின் மிகச் சீக்கிரமே அந்த நிலையை எட்டிய புயல் என்று பதிவானது. அதுவரை அந்தப் பெயர் 2005-ன் எமிலிக்கு இருந்தது, கிரெனடாவை அடித்த அதே எமிலி. கேரியகூவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதம். அரை மணி நேரத்தில் தீவு தரைமட்டம் என்றார் பிரதமர் டிக்கன் மிட்செல். டிரல் பே சதுப்பு மரக்காட்டுக்குள், வழக்கம்போல் அடைக்கலம் தேடிப் போன படகுகள் மரங்களோடு சேர்ந்து நொறுங்கின. மீன்குஞ்சுகள் வளர்கிற இடம் அது. பாறையில் பாசியை மேய்கிற மீனில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வர வேண்டும்.

கேரியகூவுக்கு இன்னொரு சொத்து உண்டு, கையால் கட்டும் மரப் படகுகள். வெள்ளை சீடர் மரத்தில், காற்று வளைத்த கிளைகளின் இயல்பான வளைவைப் பார்த்து வெட்டி, படகின் விலா எலும்புகளாகப் பொருத்துவார்கள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தத் தொழிலை மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஏழே மாசத்தில் பெரில்.

இந்த முறை ஒன்று மாறியிருந்தது. ஐவனின் நஷ்டத்திலிருந்து பாடம் கற்று, கரீபியன் நாடுகள் 2007-ல் கூட்டாக ஒரு பேரிடர்க் காப்பீட்டு நிதியம் தொடங்கின. உலகிலேயே பல நாடுகள் சேர்ந்த முதல் நிதியம் அது. சேதத்தை அளந்து முடிக்கக் காத்திராமல், காற்றின் வேகத்தையும் புயலின் பாதையையும் வைத்து 14 நாளுக்குள் பணம் தரும். பெரிலுக்குக் கிரெனடாவுக்கு 4 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. அதோடு, 2015 கடன் சீரமைப்பில் 'புயல் அடித்தால் தவணையைத் தள்ளி வைப்போம்' என்று ஒரு விதியைக் கடன் பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள். 2024-ல் அதை முதல் முறையாகப் பயன்படுத்தினார்கள். 1955-ல் கப்பலில் வந்து இறங்கிய ஜேனட் வீடுகளிலிருந்து இது பெரிய தூரம்.

ஆனாலும் இவை பணத்தின் வேகத்தைக் கூட்டும், மரத்தின் வேகத்தையோ பவளத்தின் வேகத்தையோ அல்ல. ஜேனட்டுக்கும் ஐவனுக்கும் இடையே 49 வருஷம், ஐவனுக்கும் பெரிலுக்கும் இடையே 20. மூன்றே புயல்களை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் ஜாதிக்காய் முழு மகசூலுக்கு 20 வருஷம் கேட்கிறது, மூளைப் பவளம் இன்னும் அதிகம் கேட்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

அப்படியானால் போகலாமா, கூடாதா? போகலாம் என்றுதான் நினைக்கிறேன். படகுக்காரர், சமையல்காரர், டைவிங் வழிகாட்டி எல்லோருக்கும் அடுத்த மாசச் சம்பளம் வேண்டும். கடல் பூங்காவுக்குக் கட்டும் கட்டணம் காவலுக்குப் போகிறது. கேரியகூவையும் பயணத்தில் சேர்த்துக்கொண்டால் அடி அதிகம் பட்ட இடத்துக்கே கொஞ்சம் பணம் போய்ச் சேரும். ஆழம் குறைந்த இடத்தில் மிதப்பைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக ஒட்டியிருக்கும் பவளக் குஞ்சுக்குப் புயலும் ஒன்றுதான், நம் துடுப்பும் ஒன்றுதான். இரவு உணவில் கிளிமீன் இருந்தால் வேறு கேளுங்கள், பாசியை மேய்வது அது. திரும்பி வந்து 'தீவு மீண்டுவிட்டது' என்று மட்டும் சொல்ல வேண்டாம், எது மீண்டது என்று சேர்த்துச் சொல்லலாம்.

பெரிலுக்குப் பிறகு கிரெனடாவின் வடக்குச் சரிவில் விதை போட்டு வளர்த்த ஜாதிக்கன்று, ஆணா பெண்ணா என்று தெரிய 2030 தாண்டும்.